கோழித்தீனில் மதுவம்: எதற்கு உதவும், எதற்கு உதவாது

வாழ்வாதார உதவியாகக் கோழிக்குஞ்சு பெற்ற குடும்பங்களைப் பார்க்கப் போகும்போது, அண்மைக்காலமாக ஒரு கேள்வியைப் பல வளவுகளில் கேட்கிறோம். “தீனுக்குள்ள ஈஸ்ற் கலந்து குடுத்தால் கோழிக்கு வருத்தம் வராதாமே, உண்மையோ?” இந்தப் பாடம் அந்தக் கேள்விக்காக எழுதப்பட்டது. பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஈஸ்ற் நல்ல பொருள். சில வேளைகளில் கோழியின் குடலுக்கு உண்மையாகவே உதவும். ஆனால் அது மருந்து அல்ல. தடுப்பூசியின் இடத்தை அது ஒருபோதும் பிடிக்காது. கையில் இருக்கும் காசு ஒன்றுக்குத்தான் போதும் என்றால் முதலில் எதற்குச் செலவிட வேண்டும் என்பதை இதை வாசித்து முடித்ததும் நீங்களே தீர்மானிக்கலாம்.

இதை எழுதுவதற்கு எனக்கு ஒரு காரணமும் உண்டு. இருபத்தைந்து குஞ்சுகள் பெற்ற ஒரு தாயின் வீட்டுக்குப் போயிருந்தேன். மீள்குடியேறி ஓராண்டும் ஆகவில்லை. தகரக் கொட்டிலோடு சேர்த்து, பழைய தறப்பாளை மடித்துக் கட்டி, குஞ்சுகளுக்கு ஒழுங்கான கூடு செய்திருந்தார். நான் போனபோது அந்தக் கூட்டில் நான்கு குஞ்சுகள்தான் நின்றன. ஒன்றின் கழுத்து முறுக்கிக்கொண்டு வானத்தைப் பார்த்தபடி இருந்தது. கூட்டின் தரையில் பச்சை நிறக் கழிச்சல். “பிள்ளை, இந்த மாவைப் போட்டால் ஒண்டும் வராது எண்டு நினைச்சுத்தான் ஊசிக்குப் போகேல்லை” என்று, பாதி பாவித்த ஒரு பொதியை எடுத்துக் காட்டினார். அது கோழிக்கான மதுவப் பொதி. தரமான பொருள்தான். காலாவதியும் ஆகவில்லை.

அவருக்கு அந்த எண்ணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். முன்னர் நாம் கொடுத்த துண்டுப்பிரசுரத்தை அவர் மடித்து வைத்திருந்தார். “தீனுடன் மதுவம் போன்ற சத்து மாவைக் கலந்து கொடுத்தால் நோய் எதிர்ப்புச் சக்தி கூடும்” என்று பெரிய எழுத்தில் ஒரு வரி இருந்தது. தடுப்பூசி பற்றிய வரி அதற்குக் கீழே, சிறிய எழுத்தில். அந்தத் துண்டுப்பிரசுரத்தை எழுதியது நான். நான் தமிழும் வரலாறும் படித்த கலைப்பட்டதாரி. கோழி வளர்ப்பைப் பற்றி அறிந்ததெல்லாம் இந்த வேலைக்கு வந்த பிறகுதான். எழுதிய வரி பொய்யல்ல. ஆனால் எதை மேலே, எதைக் கீழே வைத்தேன் என்பதில் பிழை இருந்தது. அதன்பின் கால்நடை வைத்தியர்களிடம் கேட்டும், தேடி வாசித்தும் அறிந்துகொண்டதை இந்தமுறை ஒழுங்காகச் சொல்கிறேன்.

மதுவம் என்றால் என்ன?

ஈஸ்ற் என்று கடையில் கேட்பதைத்தான் பாடப்புத்தகத்தில் மதுவம் என்கிறார்கள். அது உங்களுக்குப் புதிதல்ல. அப்பத்துக்கு மா குழைத்து, கொஞ்சம் கள்ளு விட்டு மூடி வைத்தால் விடிய மா பொங்கியிருக்கும் அல்லவா? பொங்கச் செய்வது கள்ளில் இருக்கும் மதுவம். வெதுப்பகத்தில் பாண் பொங்குவதும் அதே வகை மதுவத்தால்தான். அது கண்ணுக்குத் தெரியாத ஓர் உயிர். பங்கசு இனத்தைச் சேர்ந்தது. இனிப்பைத் தின்று, காற்றையும் மதுசாரத்தையும் வெளிவிடும். முட்டியின் உட்புறத்தில் சுண்ணாம்பு பூசிக் கட்டினால் கள்ளுக்குப் பதிலாக இனிப்பான கருப்பநீர் கிடைப்பது ஏன் தெரியுமா? சுண்ணாம்பு மதுவத்தை வேலை செய்ய விடுவதில்லை. எங்கள் ஊர்களில் இந்த அறிவு படிப்பில்லாமலே இருந்திருக்கிறது.

மதுவத்தில் புரதம் நிறைய உண்டு. உலர்ந்த பியர் மதுவத்தின் நிறையில் ஏறத்தாழ நாற்பது வீதத்துக்கும் மேல் புரதம்தான். அதைவிட முக்கியமானது பீ வகை விற்றமின்கள். கடையில் கறுப்புக் களிபோல் போத்தலில் விற்கும் மார்மைற் பியர் மதுவத்தில் இருந்து செய்யப்படுவதுதான். 1934, 1935 ஆம் ஆண்டுகளில் இலங்கையில் மலேரியா பரவியபோது, மெலிந்து போனவர்களுக்குத் தொண்டர்கள் மார்மைற் கொடுத்தார்கள். (அதைக் கோழிக்கு வைக்கலாமா என்று ஒரு சிறுவன் கேட்டான். வேண்டாம். அதில் உப்பு அதிகம். உப்புக் கூடினால் குஞ்சுகள் செத்துப்போகும்.)

சோறு தின்ற கோழிகளின் கதை

விற்றமின் என்ற விடயத்தை உலகுக்குக் காட்டிக் கொடுத்ததே கோழிகள்தான். 1890 ஐ ஒட்டிய ஆண்டுகளில், யாவாத் தீவின் பத்தேவியா நகரில், இன்றைய யக்கார்த்தாவில், எய்க்மான் என்ற ஒல்லாந்த மருத்துவர் பெரிபெரி நோயை ஆராய்ந்துகொண்டிருந்தார். கால் மரத்து, நடக்க முடியாமல், கடைசியில் இதயம் நின்று மனிதர்கள் சாகும் நோய் அது. அவருடைய ஆய்வுகூட வளவில் நின்ற கோழிகளுக்கும் அதேபோன்ற தள்ளாட்டம் வந்தது. எந்தக் கிருமியும் அகப்படவில்லை. பிறகு கோழிகள் தாமாகவே குணமடைந்தன. விசாரித்துப் பார்த்தால் விடயம் சமையலறையில் இருந்தது. கோழிகளுக்குக் கொஞ்சக்காலம் இராணுவ வைத்தியசாலையில் மிஞ்சிய, நன்கு தீட்டிய வெள்ளை அரிசிச் சோற்றை வைத்திருக்கிறார்கள். புதிதாக வந்த சமையற்காரர், இராணுவச் சோற்றைக் கோழிக்குக் கொடுக்க முடியாது என்று மறுத்துவிட்டார். பழையபடி தீட்டாத அரிசி வைத்தார்கள், நோய் போய்விட்டது. அரிசியின் தவிட்டில் இருந்த அந்தச் சத்தைத்தான் இன்று விற்றமின் பீ1 என்கிறோம். எய்க்மானுக்கு 1929 இல் நோபல் பரிசு கிடைத்தது.

இந்தக் கதையை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. நிவாரணமாகக் கிடைக்கும் வெள்ளை அரிசியின் மிஞ்சிய சோற்றையே சில வீடுகளில் கோழிகளுக்குக் காலையும் மாலையும் வைக்கிறார்கள். வளவில் திரிந்து கறையானும் புழுவும் கீரையும் பொறுக்கும் ஊர்க்கோழிக்கு அதனால் கேடில்லை. ஆனால் கூட்டுக்குள் அடைத்து வளர்க்கும் குஞ்சுக்குச் சோறு மட்டும் போட்டால் பீ வகை விற்றமின்கள் குறைந்துவிடும். பீ2 குறைந்த குஞ்சின் கால்விரல்கள் உள்நோக்கி மடங்கும். அது குதியில் குந்தியபடியே நகரும். இதைப் பார்த்து வாதம் என்றோ கண்ணூறு என்றோ சொல்வார்கள். தொடக்கத்திலேயே கண்டுபிடித்துச் சத்துக் கொடுத்தால் பல குஞ்சுகள் தேறிவிடும். இந்த இடத்தில்தான் மதுவம் உண்மையாகவே கைகொடுக்கும். அதே வேலையின் ஒரு பகுதியைப் புதிய அரிசித் தவிடும் நறுக்கிய முருங்கை இலையும் காசில்லாமலே செய்யும் என்பதையும் மறக்க வேண்டாம்.

பொதியில் இருப்பது எது?

கடையில் ‘ஈஸ்ற்’ என்ற பெயரில் மூன்று வேறு பொருட்கள் கிடைக்கும். வாங்குமுன் பொதியை வாசியுங்கள். எழுத்து ஆங்கிலமாக இருந்தால் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். முதலாவது உயிர் மதுவம். அது குடலுக்குள் உயிரோடு போய் வேலை செய்ய வேண்டிய பொருள். இரண்டாவது, சூடாக்கி உலர்த்திய, உயிரற்ற மதுவம். அது புரதத்துக்காகவும் விற்றமினுக்காகவும் கொடுக்கப்படுவது. மூன்றாவது மதுவத்தின் மேற்சுவரை மட்டும் பிரித்தெடுத்த தூள். விலை கூடியது பெரும்பாலும் இதுதான்.

உயிர் மதுவம் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. இளஞ்சூடான நீர் அரைக் கோப்பை, அதில் ஒரு தேக்கரண்டி சீனி, ஒரு தேக்கரண்டி மதுவம். கலக்கி மூடி வையுங்கள். பத்துப் பதினைந்து நிமிடத்தில் நுரை கட்டினால் உயிர் இருக்கிறது. மற்ற இரண்டு வகையும் நுரைக்காது. நுரைக்கவில்லை என்று அவற்றை எறிந்துவிட வேண்டாம்.

குடலுக்குள் நடப்பது

மூன்றாவது வகையான மேற்சுவர்த் தூள் வேலை செய்யும் விதம் எனக்குப் பிடித்த பகுதி. கழிச்சலை உண்டாக்கும் சல்மொனெல்லா, ஈ.கோலை போன்ற பற்றீரியாக்கள் பலவற்றின் மேல் மிக நுண்ணிய தும்புகள் இருக்கின்றன. அவை கோழியின் குடற்சுவரில் உள்ள மனோஸ் என்ற ஒருவகைச் சர்க்கரையைப் பற்றிப் பிடிக்கும். பிடித்த இடத்தில் குடியேறி, பெருகி, நோயைத் தரும். மதுவத்தின் மேற்சுவரிலும் இதே சர்க்கரை சங்கிலி சங்கிலியாக உண்டு. தீனோடு அது குடலுக்குள் போகும்போது, பற்றீரியா குடற்சுவரைப் பிடிப்பதற்குப் பதிலாக அதைப் பிடித்துக்கொள்ளும். பற்றைக்குள் நடந்துவிட்டு வந்தால் சீலைக் கரையில் நாயுருவி விதை ஒட்டிக்கொண்டு வருமே, அதுபோலத்தான். மதுவச் சுவரைக் கோழி சமிப்பதில்லை; அது பற்றீரியாவையும் சுமந்துகொண்டு எச்சத்தோடு வெளியே போய்விடும். 1989 இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், குடிநீரில் மனோஸ் கலந்து கொடுத்த இறைச்சிக்கோழிக் குஞ்சுகளின் குடலில் சல்மொனெல்லா குடியேறுவது வெகுவாகக் குறைந்திருந்தது. மதுவச் சுவரைத் தீனில் சேர்க்கும் வழக்கத்துக்கு இந்த அறிவு அடித்தளம்.

அதே சுவரில் குளுக்கன் என்ற இன்னொரு பொருளும் இருக்கிறது. உடலின் காவற் கலங்கள் அதைப் பங்கசு ஒன்று நுழைந்ததற்கான அடையாளமாக எடுத்துக்கொண்டு விழித்துக்கொள்ளும். ‘நோய் எதிர்ப்புச் சக்தி கூடும்’ என்று விளம்பரத்தில் வருவது இதைத்தான். காவற்காரன் விழிப்பாக இருப்பது ஒன்று. திருடனின் முகத்தை அறிந்திருப்பது இன்னொன்று. குறித்த ஒரு நோயின் முகத்தைக் கோழியின் உடலுக்குக் காட்டிக் கொடுப்பது தடுப்பூசி மட்டும்தான்.

ஐரோப்பிய ஒன்றியம் கோழி விரைவாகக் கொழுக்கவென்று தீனில் அன்ரிபயோட்டிக் கலப்பதை 2006 சனவரி 1 முதல் முற்றாகத் தடைசெய்தது. அப்படிக் கலந்து கலந்து, மனிதருக்கு வரும் கிருமிகளுக்கும் மருந்து வேலை செய்யாமல் போகிறது என்பதே காரணம். அதற்குப் பிறகு மதுவப் பொருட்களுக்குச் சந்தையில் இடம் கூடியது. மதுவத்தால் முட்டையிலோ இறைச்சியிலோ மருந்து தங்குவதில்லை. கொடுக்கும் நாளிலும் முட்டையைப் பிள்ளைகளுக்கு அவித்துக் கொடுக்கலாம். அன்ரிபயோட்டிக் கொடுக்கும் நாட்களிலும், வைத்தியர் சொல்லும் அளவு நாட்கள் கழியும் வரையிலும், முட்டையை உண்ணவோ விற்கவோ கூடாது.

ஆய்வுகளின் முடிவுகள் எல்லா இடத்திலும் ஒரேமாதிரி இல்லை என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். சில பண்ணைகளில் குஞ்சுகளின் நிறை கூடியிருக்கிறது, கழிச்சல் குறைந்திருக்கிறது. வேறு சிலவற்றில் வித்தியாசமே தெரியவில்லை. நெருக்கமும் அழுக்கும் வெக்கையும் உள்ள கொட்டிலில் அதன் பயன் தெரியும். துப்புரவான, காற்றோட்டமான கூட்டில் வளரும் கோழிக்குச் செய்வதற்கு அதனிடம் அதிக வேலை இல்லை. இதைக் கேட்டதும் எனக்குத் தோன்றியது, கூட்டைத் துப்புரவாக்கினால் பொதியின் காசு மிச்சம் என்பதுதான்.

மதுவத்தால் ஆகாதவை

நான் பார்த்த அந்தக் குஞ்சுகளுக்கு வந்தது நியூகாசில் நோய். ராணிக்கெட் என்றும் சொல்வார்கள். 1926 இல் இங்கிலாந்தின் நியூகாசிலிலும் யாவாவிலும், அதையடுத்து இந்தியாவின் ராணிக்கெட்டிலும் கண்டறியப்பட்டதால் இரண்டு ஊர்களின் பெயரும் அதற்கு ஒட்டிக்கொண்டன. இது வைரசால் வருவது. மனோஸ் சர்க்கரையைப் பிடிக்கும் தும்பு இதற்கு இல்லை. மதுவத்தில் இது ஒட்டாது. வந்தபின் மருந்தும் இல்லை. பக்கத்து வளவில் வந்தால் காலணியில், கூடையில், சந்தையில் வாங்கிய ஒரு கோழியில் உங்கள் வளவுக்கும் வந்து, சில நாட்களுக்குள் கூட்டை வெறுமையாக்கிவிடும். தடுப்பூசி ஒன்றே வழி. உங்கள் பிரதேசத்தின் கால்நடை வைத்தியர் பணிமனையில் எந்த வயதில், எத்தனை முறை என்று கேட்டு, அந்தத் திகதிகளைக் கலண்டரில் குறித்துவையுங்கள். ஏற்கெனவே சோர்ந்து நிற்கும் குஞ்சுக்கு ஊசி போட்டுப் பயனில்லை. நலமாக இருக்கும்போதே போட வேண்டும்.

தடுப்பு மருந்துக் குப்பி ஒன்று நூற்றுக்கணக்கான கோழிகளுக்கானது. திறந்தால் சில மணித்தியாலங்களுக்குள் முடிக்க வேண்டும். பத்துக் கோழிக்காக ஒருவர் தனியே போய்க் கேட்பதைவிட, மாதர் அபிவிருத்திச் சங்கத்தின் ஊடாகப் பதினைந்து இருபது வீட்டுக் கோழிகளின் எண்ணிக்கையைத் திரட்டிக்கொண்டு போனால் அலுவலருக்கும் இலகு, உங்களுக்கும் காரியம் நடக்கும். குப்பியைக் கொண்டுவரும்போது பனிக்கட்டி போட்ட பெட்டி அவசியம். மோட்டார் சைக்கிளின் முன்கூடையில் வெயிலில் வந்த தடுப்பு மருந்து வெறும் தண்ணீருக்குச் சமம்.

மூன்று தொடக்கம் ஆறு கிழமைக் குஞ்சுகளின் எச்சத்தில் இரத்தம் தெரிந்தால் அது பெரும்பாலும் கொக்சிடியோசிஸ். ஈரமான தரையில் பெருகும் ஒட்டுண்ணியால் வருவது. அதற்கு வேறு மருந்து உண்டு, உடனே கேளுங்கள். தரையில் கிடக்கும் ஈர உமியை அள்ளி வெளியே போட்டு, காய்ந்ததைப் பரப்புங்கள். கோழி அம்மைக்கும் குடற்புழுவுக்கும் மதுவம் பயன்படாது.

யார் வாங்கலாம், எவ்வளவு கலக்கலாம்?

பத்துப் பன்னிரண்டு ஊர்க்கோழிகள் வளவில் மேய்கின்றன என்றால் வாங்க வேண்டாம். அந்தக் காசில் இரவுக்கூட்டின் கம்பிவலையைச் சரிசெய்யுங்கள். மரநாயும் கீரியும் கொண்டுபோகும் குஞ்சுகளை எந்த மாவும் மீட்டுத்தராது. கம்பனித் தீனை மட்டும் போட்டு முட்டைக்கோழி வளர்ப்பவர்கள், தீன் சாக்கில் என்னென்ன சேர்த்திருக்கிறது என்று முதலில் பாருங்கள். விற்றமின் கலவை ஏற்கெனவே இருக்கும். சில தீன்களில் மதுவப் பொருளும் இருக்கும். இரண்டுதரம் காசு கொடுக்கத் தேவையில்லை.

தவிடு, குறுணல், பிண்ணாக்கு, சோளம், கருவாட்டுத் தூள் என்று தீனைத் தாமே கலந்து, ஐம்பது நூறு கோழியை அடைத்து வளர்ப்பவர்களுக்கு மதுவம் பொருத்தம். குஞ்சுகளின் முதல் மூன்று நான்கு கிழமை, கூடு மாற்றும் நாட்கள், கடும் வெக்கைக் காலம், அன்ரிபயோட்டிக் கொடுத்து முடித்த பின்னான நாட்கள் ஆகிய வேளைகளில் கொடுத்தால் பயன் கூடும். அன்ரிபயோட்டிக் பற்றீரியாவைக் கொல்லும், மதுவத்தைக் கொல்லாது. ஆகவே இரண்டும் ஒன்றை ஒன்று கெடுப்பதில்லை.

அளவுக்குப் பொதியில் உள்ளதையே பின்பற்றுங்கள். மேற்சுவர்த் தூளும் உயிர் மதுவமும் 100 கிலோ தீனுக்கு 100 கிராமை ஒட்டிய அளவில் கலக்கப்படுவது வழமை. உலர்ந்த பியர் மதுவம் உணவாகவே கணக்கிடப்படுவதால் 100 கிலோவுக்கு 2 தொடக்கம் 5 கிலோ வரை போகும். இரண்டையும் மாற்றிப் போட்டுவிடாதீர்கள். இனி ஒரு கணக்கு. முட்டைக்கோழி ஒன்று நாளொன்றுக்கு ஏறத்தாழ 110 கிராம் தீன் தின்னும். இருபது கோழிக்கு 2 கிலோவும் கொஞ்சமும். கிலோவுக்கு ஒரு கிராம் என்றால், ஒரு நாளைக்குத் தேவையான மதுவம் இரண்டு கிராம்தான். ஒரு கிலோப் பொதி வாங்கினால் ஓராண்டுக்கு மேல் கிடக்கும். அதற்குள் எங்கள் வெக்கையில் கெட்டுவிடும். ஆகவே நாலைந்து வீடு சேர்ந்து ஒரு பொதி வாங்கிப் பங்கிடுவதே புத்தி. பங்கிட்டதைக் காய்ந்த போத்தலில் இட்டு, மூடி இறுக்கி, திறந்த திகதியை ஒட்டி, அடுப்படியில் அல்லாமல் மண்குடத்தின் அருகே குளிர்ந்த இடத்தில் வையுங்கள்.

இரண்டு கிராமை இரண்டு கிலோவுக்குள் நேரே கொட்டிக் கிளறினால் ஒரு மூலையில்தான் கிடக்கும். முதலில் ஒரு கைபிடித் தவிட்டோடு கலந்து, அதை ஒரு சுளகு தீனோடு கலந்து, பிறகு மிகுதித் தீனில் சேருங்கள். கஞ்சிபோல் காய்ச்சிய தீன் என்றால் நன்றாக ஆறிய பின்புதான் உயிர் மதுவத்தைப் போட வேண்டும்; கொதிக்கும் தீனில் அது செத்துவிடும். பாணுக்குக் குழைத்துப் புளித்த பச்சை மாவை அப்படியே கோழிக்கு வைக்க வேண்டாம். அது இரைப்பைக்குள் போயும் பொங்கும்.

தண்ணீர் பற்றி ஒரு விடயம். மீள்குடியேறிய கிராமங்களில் கிணறுகளை இறைத்துக் குளோரின் இட்டிருக்கிறோம். உங்களுக்கு அது நல்லது. ஆனால் குடிநீரில் கலந்து கொடுக்கும் உயிர் மதுவத்தையும் தடுப்பு மருந்தையும் குளோரின் கெடுத்துவிடும். அந்த நாளுக்குத் தேவையான நீரை முதல் நாள் பின்னேரமே அள்ளி, வாய் அகன்ற சருவச்சட்டியில் ஓர் இரவு திறந்து வைத்தால் குளோரின் போய்விடும். நுளம்பு விழாமல் மெல்லிய துணியால் மூடுங்கள்.

பூஞ்சணத்தை மதுவம் என்று எண்ண வேண்டாம்

மதுவமும் பங்கசுதானே, அப்படியென்றால் பூஞ்சணம் பிடித்த பிண்ணாக்கும் நல்லதுதானே என்று ஒரு பெரியவர் என்னை மடக்கினார். இல்லை ஐயா. இரண்டும் ஒரே இனம் என்றாலும் செய்கை வேறு. தேங்காய்ப் பிண்ணாக்கு, கடலை, சோளம் ஆகியவற்றில் மழைக்காலத்தில் படியும் பச்சை, மஞ்சள் நிறப் பூஞ்சணம் அஃப்ளற்றொக்சின் என்ற நஞ்சை உண்டாக்கலாம். 1960 இல் இங்கிலாந்தில் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் காரணம் தெரியாமல் செத்தன. தேடிப் போனபோது, பிரேசிலில் இருந்து வந்த, பூஞ்சணம் பிடித்த நிலக்கடலைப் பிண்ணாக்கில் போய் நின்றது. ஈரலைக் கெடுக்கும் அந்த நஞ்சு வெயிலில் காயவைத்தாலோ வேகவைத்தாலோ போகாது. மதுவச் சுவர் சில பூஞ்சண நஞ்சுகளைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளும் என்பது உண்மை. அதை நம்பிக் கெட்ட பிண்ணாக்கைப் போடக்கூடாது. மாட்டுக்கும் வைக்காமல் புதைத்துவிடுங்கள். தாரா வளர்ப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். கோழியைவிடத் தாராக்குஞ்சை இந்த நஞ்சு விரைவில் வீழ்த்தும்.

கடைசியாக, கள்ளு மண்டி. சீவல் தொழில் செய்யும் குடும்பங்களில் எல்லாம் இதைக் கேட்கிறார்கள். முட்டியின் அடியில் தங்கும் மண்டியில் மதுவம் இருக்கிறது, உண்மை. ஆனால் அதோடு மதுசாரமும் புளிக்கச் செய்யும் பற்றீரியாக்களும் இருக்கின்றன; ஒரு முட்டியில் இருக்கும் அளவு மறு முட்டியில் இராது. எவ்வளவு கொடுக்கலாம் என்று யாராலும் அளவு சொல்ல முடியாது. குஞ்சுக்கு வேண்டவே வேண்டாம். முன்னர் வளர்ந்த கோழிகளுக்குத் தவிட்டோடு கொஞ்சம் பிசைந்து வைத்தோம், ஒன்றும் ஆகவில்லை என்று சொன்னவர்களும் உண்டு. அவர்களோடு நான் வாதாடவில்லை. அந்தக் கோழிகளுக்கு ஊசி போட்டீர்களா என்று மட்டும் கேட்டேன்.

அந்தத் தாயிடம் மிஞ்சிய நான்கு குஞ்சுகளில் இரண்டு பிழைத்தன. இரண்டும் பேடுகள். அடுத்த தொகுதிக் குஞ்சுகள் வருவதற்கு முன், பழைய கூட்டைக் கழற்றி வெயிலில் போட்டு, தரையைச் சுரண்டிச் சுண்ணாம்பு இட்டு, சில கிழமைகள் வெறுமையாக விடச் சொல்லியிருக்கிறோம். உங்கள் வளவிலும் நோய் வந்து போயிருந்தால் அப்படியே செய்யுங்கள். இறந்த கோழியைப் பற்றைக்குள் எறியாமல் ஆழமாகப் புதையுங்கள். புதுக்குஞ்சு பெறும் நாளிலேயே முதல் ஊசிக்கான திகதியையும் எமது கள அலுவலரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். இந்தக் கையேட்டின் பின்னட்டையில் அதற்காக ஒரு கட்டத்தைப் பெரிதாக விட்டிருக்கிறேன்.